நீச்சல் குளப் பம்பு ஒழுகுகிறதா? எங்கிருந்து என்று முதலில் பாருங்கள்

நீச்சல் குளப் பம்புக்கு அடியில் ஈரம் தெரிந்ததும், எதையாவது வாங்கிவந்து பூசி அடைக்கத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். தண்ணீர் சொட்டுகிற இடமும் அது கசிகிற இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல. மேலே ஓர் இணைப்பில் கசியும் தண்ணீர், பம்பின் உடம்பை ஒட்டியே வழிந்து, எது தாழ்வான இடமோ அங்கே வந்துதான் சொட்டும். அந்த இடத்தில் எவ்வளவு பூசினாலும் ஒன்றும் நடக்காது. எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரிதான். அதைக் கண்டுபிடிக்கப் பம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

குளத்துப் பம்பை இரண்டு பாதியாகப் பாருங்கள். பின்பாதி மோட்டார். அது காய்ந்தே இருக்க வேண்டிய பகுதி. முன்பாதி தண்ணீர் நிற்கும் பகுதி. அதன் முன்னால் கண்ணாடி போன்ற மூடியுடன் ஒரு பானை இருக்கும். அதற்குள் இலை, முடி எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும் கூடை. பானைக்குப் பின்னால், கேசிங் எனும் வெளிக்கூட்டுக்குள், இம்பெல்லர் எனும் இறக்கைச் சக்கரம். மோட்டாரின் சுழலும் தண்டான ஷாஃப்ட், நடுவில் உள்ள ஒரு தட்டின் துளை வழியாக நுழைந்து இம்பெல்லரைச் சுற்றுகிறது. இந்தத் தட்டுக்கு சீல் பிளேட் என்று பெயர். இம்பெல்லர் சுற்றும்போது தண்ணீர் விளிம்பை நோக்கி வீசப்படுகிறது; அந்த அழுத்தத்தில் அது ஃபில்டருக்குப் போகிறது. வீசப்பட்ட தண்ணீரின் இடத்தை நிரப்ப, நடுவிலிருந்து புதுத் தண்ணீர் இழுக்கப்படுகிறது.

ஆக, ஒரே பம்புக்கு இழுக்கும் பக்கம் ஒன்று, தள்ளும் பக்கம் ஒன்று. கசிவைப் பற்றிய எல்லாமே இதிலிருந்துதான் தொடங்குகிறது. தள்ளும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் பம்பு ஓடும்போது தண்ணீர் வெளியே வரும். இது எல்லோருக்கும் புரியும். இழுக்கும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் அப்படி இல்லை. ஓடும்போது அங்கே உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு. அதனால் தண்ணீர் வெளியே வராது; காற்றுதான் உள்ளே போகும். பம்பை நிறுத்தியதும், பம்பு குளத்தின் நீர்மட்டத்தைவிடத் தாழ்வாக இருந்தால், அதே ஓட்டையில் தண்ணீர் சொட்டத் தொடங்கும். பம்பு நீர்மட்டத்துக்கு மேலே இருந்தால் ஒரு சொட்டுகூட வெளியே தெரியாது. குழாயில் இருக்கும் தண்ணீர் திரும்பிக் குளத்துக்கே இறங்கிவிடும், அவ்வளவுதான்.

அதனால் முதல் கேள்வி இதுதான்: ஓடும்போது ஒழுகுகிறதா, நின்ற பிறகு ஒழுகுகிறதா?

பம்பை நிறுத்தி, முழுவதையும் ஒரு துணியால் நன்றாகத் துடைத்து உலரவிடுங்கள். அடியில் காய்ந்த அட்டை ஒன்றை விரியுங்கள். பிறகு ஓடவிட்டு, கை வைக்காமல், டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை என்றால் மறுபடி நிறுத்திவிட்டு, டிஷ்யூ காகிதத்தைச் சின்னச் சின்னதாய்க் கிழித்து ஒவ்வோர் இணைப்பிலும் ஒற்றிப் பாருங்கள். மேலிருந்து கீழே வாருங்கள். முதலில் நனைகிற காகிதம் எதுவோ, கசிவு அங்கேதான்.

காற்றை இழுக்கும் பம்பு

தண்ணீர் சொட்டாத கசிவைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். எனக்கு இதுதான் மற்றதைவிட முக்கியமாகப் படுகிறது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அடையாளங்கள் தெளிவானவை. பானையின் மூடி வழியாகப் பார்த்தால் உள்ளே தண்ணீர் நிறையாமல் மேலே காற்று நிற்கும். குளத்துக்குள் தண்ணீர் திரும்பி வரும் வாயில் குமிழ்கள் வரும். ஃபில்டரின் மீட்டரில் அழுத்தம் வழக்கத்தைவிடக் குறைந்து முள் ஆடும். பம்பு ஓடும் சத்தமே கரகரப்பாக மாறும்.

பெரும்பாலும் காரணம் பானை மூடியின் ஓ-ரிங்தான். கூடையைச் சுத்தம் செய்ய அடிக்கடி திறந்து மூடும் இடம் அது. அந்த ரப்பர் வளையத்தில் மண் துகளோ ஒரு முடியோ ஒட்டியிருந்தால்கூடப் போதும், காற்று போய்விடும். வளையத்தை எடுத்து, அது உட்காரும் பள்ளத்தையும் வளையத்தையும் துடையுங்கள். விரலால் வளைத்துப் பாருங்கள். மேலே மெல்லிய வெடிப்புகள் தெரிந்தாலோ, உருண்டையாக இருக்க வேண்டியது தட்டையாகியிருந்தாலோ, மாற்றிவிடுங்கள். நன்றாக இருந்தால் சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகத் தடவிப் போடுங்கள். வாஸ்லின் போன்ற பெட்ரோலியப் பொருள்கள் வேண்டாம். பல வகை ரப்பர்கள் அதில் ஊறி உப்பி, சீக்கிரம் கெட்டுவிடும்.

மூடி சரியாக இருந்தும் காற்று வருகிறது என்றால், பம்புக்கு முன்னால் உள்ள இணைப்புகளைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. பம்பு ஓடும்போது ஒவ்வோர் இணைப்பின் மேலும் ஷேவிங் நுரையை அப்புங்கள். எங்கே நுரை உள்ளிழுக்கப்பட்டுக் குழி விழுகிறதோ, அங்கேதான் ஓட்டை. நுரை இல்லையென்றால் குழாய் இணைப்புகளின் மேல் மட்டும் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். மோட்டார் பக்கம் ஒரு துளியும் படக்கூடாது. ஊற்றும்போது மட்டும் பானையில் குமிழ் அடங்கினால் விஷயம் பிடிபட்டுவிடும். பானைக்கு அடியில் உள்ள டிரெயின் பிளக்கையும் மறக்காதீர்கள். அது குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

மரை உள்ள இணைப்பு என்றால் கழற்றி, பழைய டேப்பைச் சுரண்டிவிட்டு, டெஃப்லான் டேப்பைப் புதிதாக மூன்று நான்கு சுற்று சுற்றுங்கள். மரையின் வாய் உங்களைப் பார்த்தபடி வைத்து, கடிகார முள் சுற்றும் திசையிலேயே சுற்ற வேண்டும்; இல்லையென்றால் முடுக்கும்போது டேப் பிரிந்து வெளியே வந்துவிடும். பிளாஸ்டிக் மரையில் பலத்தைக் காட்டாதீர்கள். இறுக இறுகக் கசிவு நிற்கும் என்று நினைத்து முடுக்கினால் உட்புறம் மரை உள்ள பக்கம் விரிந்து வெடிக்கும். அப்புறம் கேசிங்கையே மாற்ற வேண்டியதுதான். ஓ-ரிங் உள்ள பிளக்குகளுக்கு டேப்பே தேவையில்லை, ரிங்தான் அடைக்கிறது.

மெக்கானிக்கல் சீல்

இனி ஓடும்போது ஒழுகும் பம்புக்கு வருவோம். மோட்டாரும் முன்பாதியும் சேரும் இடத்தில், அடியில், சீல் பிளேட்டுக்குப் பின்னால் இருந்து சொட்டினால், பெரும்பாலும் மெக்கானிக்கல் சீல் போய்விட்டது என்று அர்த்தம்.

இந்தச் சீல் செய்யும் வேலை எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது. சுற்றும் ஷாஃப்ட் ஒன்று தண்ணீருக்குள் போக வேண்டும். ஆனால் அதன் ஓரமாகத் தண்ணீர் வெளியே வரக்கூடாது. ரப்பரை இறுக்கி வைத்தால் தேய்ந்துபோகும். வழக்கமான மோட்டார் என்றால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 2,850 சுற்று, 60 ஹெர்ட்ஸில் சுமார் 3,450 சுற்று சுற்றுகிறது. அந்த வேகத்தை எந்த ரப்பர் தாங்கும்?

அதனால் சீலை இரண்டு துண்டாகச் செய்திருக்கிறார்கள். ஒன்று வெள்ளை செராமிக் வளையம். ஒரு ரப்பர் கிண்ணத்துக்குள் உட்கார்ந்து, சீல் பிளேட்டில் அசையாமல் இருக்கும். இன்னொன்று கறுப்புக் கார்பன் வளையம். ஒரு ஸ்பிரிங்கோடு இம்பெல்லரின் கழுத்தில் மாட்டி, அதோடு சேர்ந்து சுற்றும். ஸ்பிரிங் கார்பனைச் செராமிக் மீது அழுத்திக்கொண்டே இருக்கிறது. இரண்டின் முகங்களும் மிகத் துல்லியமாகத் தட்டையாக்கப்பட்டவை. இரண்டு கண்ணாடித் தகடுகளை ஈரத்தோடு ஒட்டினால் நடுவில் எப்படி ஒரு படலமாகத் தண்ணீர் நிற்குமோ, அப்படி ஒரு படலம் இங்கேயும் நிற்கிறது. முடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அந்தப் படலம்தான் சூட்டைத் தணிக்கிறது, வழுக்கிச் சுற்றவும் விடுகிறது. வெளியே சொட்டும் அளவுக்குத் தண்ணீரை விடாததும் அதே மெல்லிய இடைவெளிதான்.

இப்போது பானை மூடிக்குத் திரும்புங்கள். மூடி வழியாகக் காற்று போனால் பம்பில் தண்ணீர் நிறையாது. தண்ணீர் இல்லாவிட்டால் அந்தப் படலம் இல்லை. கார்பனும் செராமிக்கும் காய்ந்தபடி உரசி, சீக்கிரமே கொதிக்கும் சூட்டுக்குப் போய்விடும். செராமிக் விரிசல் விடும், ரப்பர் கருகும். சூடு அதிகமானால் பம்பிலிருந்து வெளியேறும் பிவிசி குழாயின் மரைப் பகுதிகூடச் சுருங்கி, அங்கேயும் தனியாக ஒழுக ஆரம்பிக்கும். மூடியில் உள்ள ஒரு ரப்பர் வளையத்தைக் கவனிக்காததால் சீல் போகிறது. சீல் போன பிறகு வளையத்தைப் பார்க்காமல் சீலை மட்டும் மாற்றினால் புதுச் சீலும் அதே வழியில் போகும். காற்றுக் கசிவை முக்கியம் என்று சொன்னது இதனால்தான். குளத்தின் நீர்மட்டம், மேல்தண்ணீரை இழுக்கும் வாயான ஸ்கிம்மருக்குக் கீழே இறங்கினாலும், வால்வைத் திறக்க மறந்து பம்பைப் போட்டாலும், கூடை முழுக்க இலை அடைத்துக்கொண்டாலும் நடப்பது இதேதான். குளோரின் மாத்திரையைப் பம்பின் கூடைக்குள்ளேயே போட்டுவைக்கும் பழக்கமும் சீலைக் கெடுக்கும். பம்பு நிற்கும் நேரத்தில் செறிவான குளோரின் தண்ணீர் ரப்பரையும் உலோகத்தையும் அரித்துக்கொண்டே இருக்கும்.

விநாடிக்கு ஒரு சொட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர். நாள் முழுக்க ஓடினால் நான்கு லிட்டருக்குச் சற்று மேல். ஒரு குளத்துக்கு அது ஒன்றுமே இல்லை, வெயிலில் ஆவியாவது அதைவிட அதிகம். அதனால்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சொட்டு விழும் இடத்துக்கு ஒட்டினாற்போல் பின்னால் மோட்டாரின் முன் பேரிங் இருக்கிறது. ஈரம் உள்ளே போனால் கிரீஸ் கெட்டு, பேரிங் துருப்பிடித்து, கீச்சென்று கத்த ஆரம்பிக்கும். அதற்கு மேல் மோட்டாரே போய்விடும். சீல் விலை மோட்டார் விலையில் ஒரு சிறு பங்குதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீல் பிளேட்டுக்கும் மோட்டாருக்கும் நடுவே கீழே ஒரு திறந்த இடைவெளி இருக்கும். அது பழுதல்ல, சீல் கசிந்தால் தண்ணீர் மோட்டாருக்குள் போகாமல் கீழே விழட்டும் என்று வேண்டுமென்றே விட்டது. அதை எபாக்ஸியாலோ சிலிக்கானாலோ அடைத்தால் சொட்டு நின்ற மாதிரித் தெரியும். உண்மையில் தண்ணீர் வேறு வழியில்லாமல் பேரிங்குக்குள் போகிறது. தயவுசெய்து அதை அடைக்காதீர்கள்.

சீலை மாற்றுவது

முதலில் மின்சாரம். டைமரையோ பம்பின் சுவிட்சையோ மட்டும் நிறுத்தினால் போதாது. பிரேக்கரையே இறக்கி, வேறு யாரும் தெரியாமல் போட்டுவிடாதபடி அங்கே ஒரு சீட்டு ஒட்டுங்கள். பிறகு டெஸ்டர் வைத்து மின்சாரம் வரவில்லை என்று உறுதிசெய்யுங்கள். தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் இருக்கும் வேலை இது, இதில் அவசரம் கூடாது. சீல் மாற்ற மோட்டாரின் ஒயர்களைக் கழற்ற வேண்டியதில்லை. ஒயர் கொஞ்சம் நீளமாக இருந்தால் மோட்டாரைப் பின்னால் இழுத்தாலே போதும். ஒயரைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அதை எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். மோட்டார் உடம்பில் தடித்த வெற்றுச் செம்புக் கம்பி திருகியிருந்தால் அது பாதுகாப்புக்கானது. வேலைக்காகக் கழற்றினால் திரும்ப மாட்டாமல் பம்பை ஓட்டாதீர்கள்.

அடுத்து வால்வுகள். பம்பு குளத்தைவிடத் தாழ்வாக இருந்தால், வால்வுகளை மூடாமல் திறந்தால் குளத்துத் தண்ணீர் முழுக்க உங்கள் மேல்தான். ஃபில்டரின் மேலுள்ள, காற்றை வெளியேற்றும் சின்னத் திருகைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றுங்கள். டிரெயின் பிளக்கைக் கழற்றிப் பானையைக் காலி செய்யுங்கள்.

இப்போது கேசிங்கையும் சீல் பிளேட்டையும் பிடித்திருக்கும் போல்ட்களைக் கழற்றினால் மோட்டார், சீல் பிளேட், இம்பெல்லர் மூன்றும் ஒன்றாகப் பின்னால் வந்துவிடும். குழாய்களை வெட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மாட்டும்போது வரிசை குழம்பாது.

இம்பெல்லரைக் கழற்ற ஷாஃப்ட் சுற்றாமல் பிடிக்க வேண்டும். மோட்டாரின் பின்மூடியைத் திறந்தால் ஷாஃப்டின் முனையில் ஸ்க்ரூடிரைவருக்கு ஒரு வெட்டோ, ஸ்பேனர் பிடிக்கத் தட்டையான இடமோ இருக்கும். அங்கேயே கெபாசிட்டரும் இருக்கலாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் சார்ஜ் நிற்கும், அதன் முனைகளைத் தொடாதீர்கள், ஸ்பேனரும் படக்கூடாது. பெரும்பாலான பம்புகளில், இம்பெல்லர் உங்களைப் பார்த்தபடி இருந்தால், கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றினால் கழலும். சில மாடல்களில் இம்பெல்லரின் நடுவில் ஒரு திருகு இருக்கும், அதை முதலில் எடுக்க வேண்டும். அந்தத் திருகின் மரை தலைகீழாக இருக்கலாம், எதிர்ப்பக்கம் முயன்று பார்க்காமல் பலத்தைப் போட்டு உடைத்துவிடாதீர்கள்.

பழைய சீலின் இரண்டு துண்டுகளையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதே நல்லது. பம்பின் மாடல் எண்ணும் கையில் இருக்கட்டும். உப்புநீர்க் குளம் என்றால் அதற்கேற்ற சீல் தனியாக உண்டு, கேட்டு வாங்குங்கள். புதுச் சீலுடன் கேசிங் ஓ-ரிங்கையும் வாங்கிவிடுங்கள். பம்பைத் திறந்த கையோடு அதையும் மாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

மாட்டுவதற்கு முன் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று சுற்றினாலோ, பக்கவாட்டில் ஆடினாலோ பேரிங் ஏற்கெனவே போய்விட்டது. அதன் மேல் புதுச் சீலைப் போடுவது வீண். ஷாஃப்டின் ஆட்டம் சீலின் முகங்களை நேராக நிற்கவிடாது. மோட்டாரை முதலில் கடையில் கொடுத்துப் பேரிங் மாற்றுங்கள். ஷாஃப்ட் நன்றாக இருந்தால், துருவை மெல்லிய உப்புத்தாளால் நீக்கித் துடையுங்கள். சீல் பிளேட்டில் செராமிக் உட்காரும் பள்ளத்திலும் அழுக்கோ பழைய ரப்பர் துணுக்கோ இருக்கக்கூடாது.

செராமிக் வளையத்தின் ரப்பர் கிண்ணத்தைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, பளபளப்பான முகம் வெளியே தெரியும்படி பள்ளத்தில் வையுங்கள். சீல் வந்த பெட்டியின் அட்டைத் துண்டையோ சுத்தமான துணியையோ மேலே வைத்து, சுற்றிலும் ஒரே சீராக அழுத்துங்கள். ஒரு பக்கம் தூக்கியபடி உட்கார்ந்தால் அன்றைக்கே ஒழுகும். சுத்தியல் வேண்டாம். அந்த முகத்தின் மேல் விரல் படக்கூடாது. கையின் எண்ணெயே போதும், படலத்தைக் கெடுத்துவிடும். பட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள். இரண்டு முகங்களிலும் கிரீஸோ எண்ணெயோ எதுவுமே தடவக்கூடாது. அவற்றுக்கு வேண்டிய ஒரே மசகு தண்ணீர்தான்.

கார்பன் துண்டை இம்பெல்லரின் கழுத்தில், கறுப்பு முகம் செராமிக்கைப் பார்க்கும்படி, அடிவரை அழுத்தி மாட்டுங்கள். தலைகீழாக மாட்டிவிடும் தவறு இங்கே சுலபமாக நடக்கும். இம்பெல்லரை ஷாஃப்டில் கையால் சுற்றி மாட்டும்போது ஸ்பிரிங் அழுந்துவது விரலுக்குத் தெரியும். அப்புறம் கேசிங் ஓ-ரிங்கைச் சிலிக்கான் கிரீஸோடு வைத்து, மோட்டாரை முன்னே தள்ளி, போல்ட்களை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் பிளேட் சாய்ந்துவிடும்.

உடனே பம்பைப் போட்டுவிடாதீர்கள். புதுச் சீல் காய்ந்த நிலையில் ஒரு நிமிடம் சுற்றினாலும் கெடும். டிரெயின் பிளக்கைப் பூட்டுங்கள். பம்பு தாழ்வாக இருந்தால், பானை மூடியைப் போட்டு, ஃபில்டரின் காற்றுத் திருகைத் திறந்து வைத்து வால்வுகளைத் திறந்தாலே தண்ணீர் தானாக நிறையும். நீர்மட்டத்துக்கு மேலே இருந்தால், வாளியால் பானை நிறையத் தண்ணீர் ஊற்றி மூடியைப் போட்டு, வால்வுகளைத் திறந்துவிடுங்கள். பிறகு பம்பைப் போடுங்கள். ஃபில்டரின் காற்றுத் திருகைத் திறந்து வைத்தால் அதிலிருந்து முதலில் காற்றும் பின்பு தண்ணீரும் வரும். தண்ணீர் வந்ததும் அதை மூடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் பானையில் தண்ணீர் நிற்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு, எங்கே காற்று போகிறது என்று பாருங்கள்.

முதல் சில நிமிடங்கள் ஓரிரு சொட்டு விழுந்தால் பயப்பட வேண்டாம். முகங்கள் ஒன்றோடொன்று பொருந்திக்கொள்ளக் கொஞ்சம் நேரம் எடுக்கலாம். அதற்குப் பிறகும் நிற்காமல் சொட்டினால், செராமிக் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது, அல்லது மாட்டும்போது கார்பனின் விளிம்பு உடைந்திருக்கிறது. மறுபடி பிரித்துப் பார்க்க வேண்டியதுதான். அப்படிப் பிரித்தால் அதே சீலைத் திரும்பப் போடாதீர்கள். ஒருமுறை ஓடிய முகங்கள் முன்போல ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காருவதில்லை. இன்னொரு புதுச் சீல் வாங்கிப் போடுங்கள்.